பாலத்து மனுவும் இரண்டாவது கையெழுத்தும்

மார்ச் 3

மதிப்பிற்குரிய செயலர் சார் அவர்களுக்கு,

வணக்கம். கணுக்காலில் கட்டோடு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வலி குறைந்துவிட்டது. கோபம்தான் குறையவில்லை.

போன வாரக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மைக்கை அழுத்தினீர்கள். நம் இருவருக்கும் பொதுவாக வைத்திருக்கும் அந்த மைக்கின் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஒருவர் பொத்தானை அழுத்தினால் மற்றவர் ஊமை. நான் "அந்தப் பாலத்தில் தினமும்" என்று ஆரம்பித்தேன். அடுத்த நொடி அரங்கம் முழுக்க உங்கள் குரல்: "இவ்விஷயம் பரிசீலனையில் உள்ளது." அத்தோடு இடைவேளை, காபி, பிஸ்கட். இருபது வருஷம் வானொலியில் பேசியவள் சார் நான். செய்தி நேரத்தைத் தவிர வேறு எதுவும் இதுவரை என் வாயை அடைத்ததில்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் உங்களுக்கு 'பரிசீலனை சார்' என்று பெயர் வைத்திருப்பது தெரியுமா? தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு உங்கள் பக்கத்தில் வைத்திருக்கும் பெயர் 'ரேடியோ அம்மா' என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் ஏழாம் நாள் நம் கூட்டணியின் இணையதளத்தில் ஏறிவிடும். இணைத்தலைவர்கள் இருவரும் எழுதிக்கொள்வது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று போராடி விதி கொண்டுவந்தவள் நான்தான். தமிழில் எழுதுவதால் செயலகத்து மொழிபெயர்ப்பாளர்கள் திணறுவார்கள். திணறட்டும். இரண்டு வேறு நாடுகளிலிருந்து வந்த தலைவர்களுக்கு ஒரே தாய்மொழி வாய்ப்பது எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும்?

அங்கே படிக்கப்போகும் பொதுமக்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கங்கள் மக்களிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது நம் கூட்டணி. ஆட்சிக்குழுவில் பாதி இடம் அரசுகளுக்கு, பாதி இடம் என் போன்ற மக்கள் அமைப்புகளுக்கு. தலைமை நாற்காலியும் இரண்டு. உங்களுடையது அரசு நாற்காலி, என்னுடையது மக்கள் நாற்காலி. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் நடத்த வேண்டும். ஓர் அரசின் மேல் மனு வந்தால், விசாரித்துப் பதில் கேட்கும் கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து மட்டும் இருந்தால் அது வெறும் காகிதம்.

மனு உங்கள் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவர் கொடுத்தது. ஆற்றுப் பாலம் ஆடுகிறது, அதைப் பரிசோதித்த அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்டார். பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர இயலாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் என்ன செய்கிறார் தெரியுமா? பாலத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளை இறக்கி, நடக்க வைத்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, காலி வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறார். மாலையிலும் அப்படியே. மழையிலும் அப்படியே.

அவரோடு தொலைபேசியில் பேசினேன். "பெருசா ஒண்ணும் கேக்கலம்மா. பாலம் நல்லா இருக்குன்னு ஒரு பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. பிள்ளைங்கள உக்கார வச்சே ஓட்டுறேன்" என்றார். வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்தைப் போட்டாயிற்று. அக்டோபரில் நம் பதவிக்காலம் முடிவதற்குள் உங்கள் கையெழுத்தும் விழாவிட்டால் மனு செத்துப்போகும். அக்டோபரில் உங்கள் ஊரில் மழையும் ஆரம்பிக்கும்.

போடுங்கள் சார்.

இப்படிக்கு,
மக்கள் தரப்பு இணைத்தலைவர்

*

மார்ச் 19

மதிப்பிற்குரிய இணைத்தலைவர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் மார்ச் 3 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன்.

முதலில் மைக் தொடர்பாக. அன்றைய நிகழ்ச்சி நிரலை எழுதியவர் தாங்கள். நடத்தியவன் நான். பதினொன்றே காலுக்கு இடைவேளை என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். மணி பதினொன்றே கால் ஆயிற்று. தாங்கள் எழுதியதைத்தான் நான் செயல்படுத்தினேன். அதற்காகத் தாங்களே என் மேல் கோபிப்பது எந்த விதியில் வரும் என்று புரியவில்லை.

அடுத்து, கையெழுத்து. தங்களுக்கும் எனக்கும் நாற்காலி ஒரே உயரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்களுக்குத் தங்கள் மனசாட்சி சரி என்றால் போதும், பேனாவை எடுத்துவிடலாம். நான் பேனாவை எடுக்கும் முன் அமைச்சர் இருக்கிறார், சட்டத் துறை இருக்கிறது, பொதுப்பணித் துறை இருக்கிறது. என் பின்னால் ஒரு கட்டடமே நிற்கிறது அம்மா. சொந்த அரசின் மேல் வந்த மனுவில் அரசின் பிரதிநிதி கையெழுத்திட்டதாக இதுவரை எந்த நாட்டிலும் முன்னுதாரணம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே மனு பரிசீலனையில் உள்ளது. தாங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

'ரேடியோ அம்மா' என்ற பெயரை வைத்தது நானில்லை. எங்கள் பக்கத்தில் யாரோ வைத்தார்கள். நானும் ஓரிரு முறை சொல்லியிருக்கலாம்.

தங்கள் கால் எப்படி இருக்கிறது? கூட்டத்தன்று மாடிப்படியில் தாங்கள் வழுக்கி விழுந்ததும், கூட்டம் நடந்த அதே நகரத்தில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கும் என் மகளை உடனே அனுப்பி வைத்ததில் எனக்குத் திருப்தி. வீக்கம் நன்றாக வற்றிவிட்டது, ஆனால் விரல் பயிற்சியைத் தாங்கள் ஒழுங்காகச் செய்வதில்லை என்று நேற்றுகூடச் சொன்னாள். படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அரசுத் தரப்பு இணைத்தலைவர்

*

ஏப்ரல் 2

செயலர் சார்!

உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் உங்களுக்கும் கால் பிசகிவிடும்.

உங்கள் கடிதத்தில் மைக், கட்டடம், முன்னுதாரணம் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் பத்திக்கு வந்தேன். 'படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.' என்ன படங்கள்? என் காலை நான் யாருக்கும் படம் எடுத்து அனுப்பவில்லையே. கட்டைப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. காலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் தினமும் காலையில் என் மகன் "அம்மா, காலைக் கொஞ்சம் நீட்டு" என்று கைபேசியோடு வந்து நிற்கிறான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். கூட்டத்துக்கு என் பெட்டியைத் தூக்க வந்தவன். பிறந்ததிலிருந்து என் முகத்தை ஒரு படம் எடுத்தவனில்லை, திடீரென்று என் கால் மேல் என்ன பாசம்?

கூப்பிட்டு உட்கார வைத்தேன். வானொலியில் அமைச்சர்களையே பேட்டி கண்டவள் நான், இவன் எம்மாத்திரம்.

"யாருக்குடா அனுப்புற?"

"டாக்டருக்கு."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"எது? காலா?"

காது வரைக்கும் சிவந்துவிட்டான். அப்புறம் எல்லாம் வந்தது. முதல் வாரம் கால் படம். இரண்டாம் வாரம் கால் படத்தோடு நாலு வரி. மூன்றாம் வாரத்திலிருந்து நாலு மணி நேரப் பேச்சு, அதில் கால் ஒரு நிமிஷம்கூட இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ கண்ணாடிச் சட்டம் வாங்கப் போகிறேன் என்று ரயில் ஏறினானே, அங்கேதான் போயிருக்கிறான். சட்டமும் வாங்கவில்லை ஒன்றும் வாங்கவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறான். உங்கள் மகளும் சரி என்று சொல்லிவிட்டாள். உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு இருக்கிறதாம் அந்தப் பெண். நீங்கள் பரிசீலிக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்று!

சார், அன்று சாயங்காலம் அவள் வந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "வலிச்சா கத்துங்க ஆன்ட்டி, வெளிய யாரும் இல்ல" என்றாளே, அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அந்த அறையின் மூலையில் நின்றிருந்தவனுக்கும் பிடித்துப்போயிருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாம் சம்பந்தி ஆகப்போகிறோம்! அனுப்பி வைத்தது நீங்கள்தான், நினைவிருக்கட்டும்.

இவ்வளவு சந்தோஷத்திலும் ஒன்றை மறக்கவில்லை. கையெழுத்து எங்கே சம்பந்தி?

சந்தோஷத்துடன்,
ரேடியோ அம்மா

*

ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய இணைத்தலைவர் அம்மா அவர்களுக்கு,

தாங்கள் என்ன காரியம் செய்தீர்கள்!

இணைத்தலைவர்களின் கடிதங்கள் ஏழாம் நாள் இணையதளத்தில் ஏறும் என்ற விதியைக் கொண்டுவந்தவர் தாங்கள். அதைத் தாங்களே மறந்துவிட்டு, என் மகள் நாலு மணி நேரம் யாரோடு பேசுகிறாள் என்பதை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். செயலகம் விதிப்படி அதை ஏற்றியும்விட்டது. தங்கள் கடிதம் என் கைக்கு வரும் முன்பே, நான் அமைச்சரின் வரவேற்பறையில் காத்திருந்த நேரத்தில் அமைச்சரின் உதவியாளர் என்னிடம் கை நீட்டி "வாழ்த்துகள் சார்" என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் சொல்லித்தான் என் மகளின் கல்யாணம் எனக்குத் தெரிந்தது. ஒரு தகப்பனுக்கு இந்த நிலைமை வரலாமா?

'சம்பந்தி' என்ற சொல்லுக்குச் செயலகத்தின் மொழியில் ஈடான சொல் இல்லையாம். மொழிபெயர்ப்பாளர் மூன்று வரியில் அடிக்குறிப்புப் போட்டிருக்கிறார். அந்த அடிக்குறிப்பைத்தான் எல்லா அரசுகளும் முதலில் படித்திருக்கின்றன.

விளைவைச் சொல்கிறேன். இணைத்தலைவர் இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் தவறினால் மற்றவர் தட்டிக்கேட்பதற்காகத்தான் இரண்டு நாற்காலி. அந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் போய்விட்டால் கூட்டணிக்கு என்ன மரியாதை? கல்யாணம் நடந்த நிமிஷம் நம்மில் ஒருவர் இறங்க வேண்டும். அம்மா இறங்கட்டும் என்கிறது எங்கள் தரப்பு. நான் இறங்க வேண்டும் என்று தங்கள் தரப்பு தீர்மானமே எழுதிவிட்டதாக அறிகிறேன். யார் இறங்கினாலும் மனு அம்போ. தாங்கள் இறங்கினால் அடுத்த தேர்தல் வரை தங்கள் இடம் காலி. நான் இறங்கினால் என் இடத்துக்கு என் துணைச் செயலர் வருவார். நானாவது பரிசீலிப்பேன், அவர் மனுவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

இப்போது நான் கையெழுத்திட்டால் சம்பந்திக்காகப் போட்டான் என்பார்கள். இடாவிட்டால் அமைச்சருக்குப் பயந்தான் என்பார்கள். நன்றாக மாட்டிவிட்டீர்கள்.

தயவுசெய்து அந்தச் சொல்லை இனிமேல் எழுத வேண்டாம்.

மாப்பிள்ளைப் பையன் கண்ணாடிக் கடையைச் சொந்தமாக நடத்துகிறாரா? பொதுமக்கள் மன்னிக்கவும். தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை.

இப்படிக்கு,
அரசுத் தரப்பு இணைத்தலைவர்

*

மே 20

செயலர் சார் அவர்களுக்கு,

என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நான் வாயைத் திறந்தால் இன்னும் என்னென்ன ஏறுமோ என்ற பயம். எங்கள் தரப்பிலேயே என்னைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷம் வெளிப்படை வெளிப்படைன்னு பேசினோம், அதுக்காக இவ்வளவா?" என்று கேட்டார்கள். (கடை சொந்தக் கடைதான். நன்றாகவே ஓடுகிறது.)

இந்தக் கடிதத்தை ஏழாம் நாள் எல்லோரும் படிப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் உங்கள் மகள்தான்.

போன வாரம் இங்கே வந்திருந்தாள். இரண்டு பேரும் என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஜூனில் வைத்திருந்த கல்யாணம் வேண்டாம், பிடித்து வைத்த மண்டபத்தை விட்டுவிடலாம் என்றார்கள். நம் பதவிக்காலம் முடிந்த பிறகு, நவம்பரில் பண்ணிக்கொள்கிறார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்காக நீங்கள் ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று கத்தினேன். என் மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், அவனுக்கு இதில் அரை மனசுதான். பேசியதெல்லாம் அவள்தான். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன், ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை:

"அப்பா நாற்காலிக்காக நான் கல்யாணத்தத் தள்ளிப்போடல அத்தை. அந்தப் பாலத்துக்காகத் தள்ளிப்போடுறேன். அஞ்சு மாசம் அவருக்கு டைம் வாங்கிக் குடுத்திருக்கேன். அத அவர் என்ன செய்யப்போறார்னு கேட்டு எழுதுங்க. நான் கேட்டா பொண்ணு கேக்குறான்னு ஆயிடும். நீங்க கேட்டா தலைவர் கேக்குறாங்கன்னு ஆகும்."

சார், நான் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். இரண்டு நாற்காலி எதற்கு என்பதை இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் சிரித்துக்கொண்டே என் விரல் பயிற்சியைச் செய்ய வைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே கேட்கிறேன். தலைவராகத்தான் கேட்கிறேன். அந்த அஞ்சு மாசத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
மக்கள் தரப்பு இணைத்தலைவர்

*

ஜூலை 8

மதிப்பிற்குரிய இணைத்தலைவர் அம்மா அவர்களுக்கு,

தங்களுக்கு மறுப்புக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைச் சரியாக எழுத வேண்டுமே என்று பாலத்தின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டனுப்பினேன். அறிக்கையை ஒரு முறை நானே படித்துவிட்டு, அதில் பாதுகாப்பு சம்பந்தமாக இன்னின்ன இருக்கிறது, ஆகவே வெளியிட முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டால் தாங்கள் வாயடைத்துப் போவீர்கள் என்று நினைத்தேன்.

பொதுப்பணித் துறை, சட்டத் துறையில் இருக்கிறது என்றது. சட்டத் துறை, பொதுப்பணித் துறையில் இருக்கிறது என்றது. நான் இந்த ஆட்டத்தை ஆடிப் பழகியவன், எனக்கே காட்டினார்கள். கடைசியில் தலைமைப் பொறியாளரின் அறைக்கு நானே நேரில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க கேக்குறதால சொல்றேன் சார். குடுக்க முடியாதுன்னு எழுதினது உண்மை. குடுக்குறதுக்கு ஒண்ணும் இல்லைங்கறதும் உண்மை."

எனக்குப் புரியவில்லை.

"பாலம் கட்டினதுக்கு அப்புறம் யாரும் கீழ இறங்கிப் பாக்கவே இல்ல சார். மனு வந்ததும் என்ன எழுதுறதுன்னு தெரியல. பாதுகாப்புக் காரணம்னு எழுதிட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்கன்னு எழுதிட்டாங்க."

அம்மா, இல்லாத அறிக்கையைக் காப்பாற்றத்தான் நான் பிப்ரவரியில் மைக்கை அழுத்தினேன். இல்லாத அறிக்கையைத்தான் இத்தனை மாதமாகப் பரிசீலித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை அந்தப் பாலத்துக்குப் போனேன். பேருந்து வந்து நின்றது. பிள்ளைகள் பழக்கப்பட்ட மாதிரி இறங்கி, இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். ஓட்டுநருக்கு நான் யாரென்று தெரியாது. "சார், சும்மாதானே நிக்கிறீங்க, சின்னதுங்க பையக் கொஞ்சம் பிடிங்க" என்று இரண்டு பைகளை என் கையில் கொடுத்துவிட்டார். நானும் பைகளோடு நடந்தேன். நடுப்பாலத்தில் பக்கத்தில் ஒரு லாரி போனது. காலுக்குக் கீழே பாலம் ஒரு தடவை இறங்கி ஏறியது. நான் நின்றுவிட்டேன். என்னோடு வந்த சிறுமி நிற்கக்கூட இல்லை. "அது அப்படித்தான் பண்ணும்" என்றாள்.

அந்தக் கரையில் நின்று, காலிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு அவர் ஒருவர் மட்டும் வருவதைப் பார்த்தேன். வந்து நிறுத்தியதும் நான் யாரென்று சொன்னேன். அவர் கும்பிடவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "போட்டுட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பேருந்துப் படிக்கட்டில் உட்கார்ந்து போட்டேன்.

கையெழுத்திட்ட கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அமைச்சரைக் கேட்கவில்லை. இணைத்தலைவர் கையெழுத்திட வேண்டும் என்று மட்டும்தான் விதி சொல்கிறது, யாரைக் கேட்டுவிட்டு என்று சொல்லவில்லை. பல முறை படித்துப் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதமும் ஏழாம் நாள் எல்லோர் கண்ணிலும் படும். படட்டும். தெரிந்தேதான் எழுதுகிறேன். என்னை எப்போது திருப்பி அழைப்பார்கள் என்று தெரியாது, ஆகவே தாமதமில்லாமல் அனுப்பிவிடுங்கள்.

மகளிடம் போனில் சொன்னேன்.  "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள். அப்போதுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே எனக்கு நினைவு வந்தது.

இப்படிக்கு,
அரசுத் தரப்பு இணைத்தலைவர்

*

ஆகஸ்ட் 1

சம்பந்தி! சம்பந்தி! சம்பந்தி!

மூன்று தடவை எழுதிவிட்டேன், இனி யாரும் என்னைத் தடுக்க முடியாது. உங்களை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அழுதேன். இப்போது சிரிக்கிறேன். அரங்கத்தில் நடந்ததை நீங்கள் பார்க்க முடியாமல் போயிற்றே, நேர்முக வர்ணனையே தருகிறேன், கேளுங்கள்.

உங்கள் கையெழுத்து என் மேசைக்கு வந்த அன்றே கடிதத்தை அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் உங்களைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அவசரக் கூட்டம் போட்டார்கள். என் பக்கத்தில் உங்கள் துணைச் செயலர். மனிதர் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, முதல் வேலையாக மைக்கை அழுத்தினார். "அந்தக் கையெழுத்து செல்லாது. சம்பந்திக்காகப் போட்ட கையெழுத்து" என்றார். அடிக்குறிப்பைப் படித்துத் தெரிந்துகொண்ட அத்தனை நாடுகளும் தலையை ஆட்டின.  செல்லாது என்று ஆகிவிட்டால் பாலமும் போச்சு, உங்கள் உத்தியோகமும் வீணாகப் போச்சு.

நான் மைக்கை அழுத்தினேன். என்ன பேசுவது? வெளிப்படையான உண்மையைத்தான் பேசினேன். "எங்க பிள்ளைங்களுக்குக் கல்யாணம் இன்னும் நடக்கல. அது நடக்கப்போகுதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன். உளறிச் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா ஒளிச்சு வைக்கல. அவரோ இல்லாத அறிக்கைய இல்லைன்னு உலகத்துக்கே எழுதினார். இதுல எதை நாங்க மூடி மறைச்சோம்?" என்றேன்.

வாக்கெடுப்பு. இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும் என்பதுதானே விதி. எங்கள் பாதி கையைத் தூக்கிவிட்டது. உங்கள் பாதி? ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர். நின்றுவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். கடைசி வரிசையில் ஒரு சின்ன நாட்டின் பெண் அதிகாரி, எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காதவர், எழுந்தார். "என் நாட்டில் எத்தனை அறிக்கைகள் இல்லாமல் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

கையெழுத்து செல்லும்! எங்கள் பக்கம் மேசையைத் தட்டினார்கள். உங்கள் பக்கத்திலும் தட்டினார்கள் சம்பந்தி, நான் பார்த்தேன். நானும் நிலைகொள்ளாமல் எழுந்து நின்றுவிட்டேன், நல்ல காலோடு கெட்ட காலையும் ஊன்றி.

நேற்று உங்கள் அரசின் பதில் வந்தது. ஆற்றில் பொறியாளர்கள் இறங்குகிறார்கள். குழுவில் அரசுப் பொறியாளர் ஒருவர், மக்கள் தரப்பில் ஒருவர். மக்கள் தரப்பில் யாரென்று ஊர்க்காரர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஊர் பேருந்து ஓட்டுநரைச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் இப்போது இணைத்தலைவர் இல்லை. ஆகவே நம் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது. நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று என் மகனிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் துள்ளிக் குதித்து என்னையே இடித்துத் தள்ளிவிட்டான்.

உங்களை எங்கே போட்டிருக்கிறார்கள்? மனசு கஷ்டமாக இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள். இனிமேல் இதை யாரும் ஏற்ற மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

*

அக்டோபர் 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

என்னை அரசு அச்சகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மனசு கஷ்டமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. முதல் வாரம் யாரும் என் அறைக்கு வரவில்லை. பழைய சகாக்கள் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தப்பு செய்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். கல்யாணம் ஒரு மாதம் முன்னால், இந்த மாதக் கடைசிக்கே வந்ததால் பத்திரிகை அடிக்கும் வேலையாவது கிடைத்தது. எங்கள் அச்சகத்தில் அடிக்கவில்லை, பயப்படாதீர்கள், வெளியில்தான் கொடுத்தேன்.

போன மாதம் என் மேசைக்கு ஒரு கட்டு வந்தது, அச்சுக்கு. பாலத்தின் பரிசோதனை அறிக்கை. அது கட்டப்பட்ட நாளிலிருந்து முதல் அறிக்கை. என்னைத் தண்டிக்க அனுப்பிய இடத்துக்கே அதையும் அனுப்பியிருக்கிறார்கள், யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. பிழை திருத்துகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே படித்தேன். மூன்றாவது தூண் தண்ணீருக்கு அடியில் பாதிக்கு மேல் அரித்துப்போயிருக்கிறது. 'வரும் மழையைத் தாங்காது' என்று பொறியாளர் எழுதியிருக்கிறார். கீழே ஓட்டுநரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அறைக்குள் அழுதேன் சம்பந்தியம்மா. துக்கத்தில் இல்லை. அலுவலகத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

அன்றே பாலத்தை மூடிவிட்டார்கள். அச்சடித்த முதல் பிரதியை ஓட்டுநருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நேற்று போனேன். மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரை புரண்டு ஓடுகிறது. பேருந்து இப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு, ஆற்றின் மேல்பக்கம் தள்ளி இருக்கும் புதுப் பாலம் வழியாகப் போகிறது. என்னையும் ஏற்றிக்கொண்டார். பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்துகொண்டு, பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு என்னோடு நடந்து வந்த சிறுமி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்:

"உங்களாலதான் நாங்க ஒரு மணி நேரம் முன்னாடியே எழுந்திருக்கணுமாம். டிரைவர் மாமா சொன்னாரு. உங்களாலதானா?"

எத்தனை வருஷமாக எத்தனை பேர் என்னிடம் இந்த மாதிரிக் கேட்டிருப்பார்கள். அமைச்சர் என்றும், துறை என்றும், விதி என்றும் பதில் சொல்லியே பழகிய வாய்.

"ஆமாம்மா. என்னாலதான்" என்றேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி